நெருக்கடி வேளையில் பொது நெறிகள்: திருவரங்கமும் திருச்சியும்

ஒரு குழுவினர் அனைவரும் முன்கூட்டியே அறிந்து, ஏற்றுக்கொண்டு, பழகிய அடிப்படை விதிகள் குழுவின் பொது நெறிகள் எனப்படும். எதை முதலில் காப்பது, யார் எதைச் செய்வது, யார் முடிவெடுப்பது, தவறைக் கண்டவர் அதை எப்படிச் சொல்வது ஆகிய நான்கு கேள்விகளுக்கும் இவை விடை தருகின்றன. அமைதியான நாள்களில் இவற்றின் பயன் பெரிதாகத் தெரிவதில்லை. நேரம் குறைந்து, செய்தி அரைகுறையாகக் கிடைத்து, தவறினால் உயிர் போகும் என்ற நிலை வரும்போதுதான் தெரியும். கூடிப் பேச அவகாசம் இல்லாத இடத்தில், முன்பே பேசி முடித்தவை மட்டுமே கைகொடுக்கும்.

இதை விளக்கத் திருச்சிராப்பள்ளிப் பகுதியிலேயே இரண்டு நிகழ்வுகள் உள்ளன. முதலாவது, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் அமைந்த திருவரங்கம் அரங்கநாதர் கோயில் 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்பைக் கடந்து வந்தது. இரண்டாவது, 2024 அக்டோபர் 11 அன்று திருச்சி வானில் வட்டமிட்ட விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. இரண்டுக்கும் இடையே ஏழு நூற்றாண்டுகள் உள்ளன. ஆனால் இரண்டிலும் குழுக்கள் நம்பியிருந்தது ஒரே வகையான ஏற்பாட்டைத்தான்.

நெருக்கடியில் குழுவுக்கு என்ன நேர்கிறது

அச்சம் வந்தால் தனிமனிதரின் கவனம் குறுகிவிடும். குழுக்களுக்கும் இதுவே நேர்கிறது. பேரி ஸ்டா, லான்ஸ் சாண்டிலாண்ட்ஸ், ஜேன் டட்டன் ஆகிய ஆய்வாளர்கள் 1981இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினர். அச்சுறுத்தல் வரும்போது குழுக்கள் குறைந்த தகவலையே கவனிக்கின்றன. அதிகாரம் மேலே உள்ள ஓரிருவர் கையில் குவிகிறது. அனைவரும் நன்கு பழகிய செயல்களுக்கே திரும்புகின்றனர் என்பது அவர்கள் கருத்து.

இவற்றுள் மூன்றாவது செய்தி முக்கியமானது. நெருக்கடியில் மனிதர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிப்பது அரிது, பழகியதையே செய்வார்கள். எனவே அதற்கு முன் என்ன பழகியிருக்கிறார்கள் என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது.

1990களில் ஜேனிஸ் கேனன்-போவர்ஸ், எட்வர்டோ சாலஸ் முதலிய உளவியலாளர்கள் 'பகிர்ந்த மனப்படிமம்' என்ற கருத்தை வளர்த்தனர். பணி எப்படி நடக்கும், அடுத்தவர் என்ன செய்வார் என்பது பற்றிக் குழுவினர் அனைவரும் மனத்தில் ஏறக்குறைய ஒரே படத்தை வைத்திருப்பதை இது குறிக்கும். கபடி ஆட்டம் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. கைகோத்து நிற்கும் தடுப்பாட்டக்காரர்களுள் ஒருவர், பாடிவருபவரின் காலைப் பிடிக்கப் பாய்ந்தவுடன் மற்றவர் கோட்டை நோக்கிய வழியை அடைக்கிறார். அந்த நொடியில் யாரும் யாருக்கும் கட்டளையிடுவதில்லை. ஒருவர் பாய்ந்தால் மற்றவர் அடைக்க வேண்டும் என்பது முன்பே முடிவான நெறி.

திருவரங்கத்தின் பத்துக் கொத்து

திருவரங்கம் கோயிலின் நடைமுறைகளையும் வரலாற்றையும் பதிவு செய்த நூல் 'கோயிலொழுகு'. இது ஒருவரால் ஒரே காலத்தில் எழுதப்பட்டதன்று. பல தலைமுறைகளாகச் சேர்க்கப்பட்டு வந்த குறிப்புகளின் தொகுப்பு. மரபுச் செய்திகளும் வரலாற்றுச் செய்திகளும் இதில் கலந்துள்ளன.

இராமானுசர் (மரபுப்படி 1017–1137) கோயில் நிர்வாகத்தை ஏற்றபோது பணியாளர் அமைப்பை மாற்றியமைத்தார் என்று கோயிலொழுகு கூறுகிறது. அதற்கு முன் ஐந்து பிரிவுகளாக இருந்த கோயில் பணியாளர்களை அவர் பத்துப் பிரிவுகளாக விரிவுபடுத்தினார். இப்பிரிவு 'கொத்து' எனப்பட்டது. விண்ணப்பம் செய்வார் பாசுரங்களை இசைத்தனர். திருக்கரகக் கையார் நீர் தொடர்பான பணிகளைக் கவனித்தனர். தாச நம்பிகள் மலர்ப்பணி செய்தனர். வாயில் காவல் ஆரியபடாள் பொறுப்பில் இருந்தது. இவ்வாறு ஒவ்வொரு கொத்துக்கும் இன்ன பணி, இன்ன நேரம், இன்ன உரிமை என வரையறுக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டில் இரண்டு சிறப்புகள் உள்ளன. முதலாவது, ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பாளர் யார் என்பதில் ஐயம் இல்லை. இரண்டாவது, கோயிலைப் பற்றிய அறிவு ஒருவர் தலையில் மட்டும் தங்கவில்லை. அது பல கொத்துகளில் பரவியிருந்தது. சோழ மன்னன் ஒருவனின் பகையால் இராமானுசர் நாட்டைவிட்டு நீங்கி மேல்கோட்டைப் பகுதியில் பல ஆண்டுகள் தங்கினார் என்று வைணவ மரபு கூறுகிறது. திரும்பி வந்த பிறகு திருவரங்கத்திலேயே தம் இறுதிக் காலத்தைக் கழித்தார். தலைவர் இல்லாத காலத்திலும் நடக்கக்கூடிய அமைப்பு அங்கே உருவாகியிருந்தது.

அழைப்பும் மறுமொழியும்

திருவரங்க வழிபாட்டில் 'அருளப்பாடு' என்றொரு வழக்கம் உண்டு. ஒரு சேவைக்கு உரியவரை அவருக்குரிய பெயரால் முறைப்படி அழைப்பது அருளப்பாடு. அழைக்கப்பட்டவர் 'நாயிந்தே' என்று மறுமொழி கூறி முன்வருவார். இது பக்தி சார்ந்த மரியாதை. கூடவே வேறொரு பயனையும் தருகிறது. ஆயிரக்கணக்கானோர் கூடிய இரைச்சலில், யாரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது, அவர் அதை ஏற்றாரா என்பது அனைவர் காதிலும் விழுகிறது.

இன்றைய விமானிகளும் இதே முறையைக் கையாள்கின்றனர். கட்டுப்பாட்டு அறை ஓர் உயரத்தையோ திசையையோ சொன்னால், விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னதைக் கட்டுப்பாட்டு அறை கேட்டுச் சரிபார்க்கும். சொன்னது சென்று சேர்ந்ததா என்ற கேள்விக்கு இடமில்லாமல் செய்வதே இதன் நோக்கம்.

நம்பெருமாளின் புறப்பாடும் இத்தகைய ஒருங்கிணைப்புக்குச் சான்று. பல்லக்கையும் வாகனத்தையும் சுமப்போர் ஸ்ரீபாதம் தாங்குவோர் எனப்படுவர். புறப்பாட்டில் சிம்ம கதி, சர்ப்ப கதி எனப் பல நடைகள் உண்டு. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி விழாவின் இராப்பத்து எட்டாம் நாளான வேடுபறியன்று குதிரை வாகனத்தில் வையாளி நடைபெறும். தோளில் பாரத்துடன் விரைந்து ஓடி, நின்று, திரும்ப வேண்டும். ஒருவர் அடி தவறினாலும் பாரம் பக்கத்தில் இருப்பவர் மேல் சாயும். அந்த நேரத்தில் சொல்லிக்கொடுத்துத் திருத்த முடியாது. எந்த நடைக்கு எந்த அடி என்பது ஒவ்வொருவர் காலிலும் முன்பே பதிந்திருக்க வேண்டும்.

1323 முதல் 1371 வரை

டெல்லி சுல்தானியப் படைகள் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்துக்குள் வந்தன. 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்பு நிகழ்ந்தது. 1323இல் உலுக் கான் தலைமையில் மற்றொரு படை வந்தது. இவரே பின்னர் முகம்மது பின் துக்ளக் என்ற பெயரில் ஆட்சி செய்தவர். இரண்டாவது படையெடுப்பில் திருவரங்கத்தில் பெருந்தொகையானோர் உயிரிழந்ததை 'பன்னீராயிரவர் முடி திருத்திய கலகம்' என வைணவ மரபு நினைவில் வைத்துள்ளது.

அன்று நடந்ததாக மரபு கூறும் செய்திகளைக் குழுச் செயல்பாடு என்ற கோணத்தில் பார்த்தால் தெளிவான வேலைப்பிரிவினை தெரிகிறது. ஒரு சாரார் கருவறையின் முன் கல்லால் சுவர் எழுப்பி மூலவரை மறைத்தனர். மற்றொரு சாரார், முதியவரான பிள்ளை லோகாசாரியார் தலைமையில் உற்சவரை எடுத்துக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டனர். வேதாந்த தேசிகர் 'சுருதப்பிரகாசிகை' என்ற உரைநூலின் சுவடிகளையும், அதன் ஆசிரியரின் இரு பிள்ளைகளையும் காப்பாற்றினார். மூலவர், உற்சவர், நூல் என முதலில் காக்க வேண்டியவை எவை என்பதில் அவர்களிடையே குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

பிள்ளை லோகாசாரியார் வழியிலேயே மதுரைக்கு அருகிலுள்ள ஜோதிஷ்குடியில் காலமானார். தலைவர் மறைந்த பின்னும் பயணம் நிற்கவில்லை. கேரளம், மேல்கோட்டை, திருமலை எனப் பல இடங்களில் உற்சவர் வைத்துக் காக்கப்பட்டதாகக் கோயிலொழுகு சொல்கிறது. விசயநகர இளவரசர் குமார கம்பணரின் படையெடுப்புக்குப் பின், செஞ்சியிலிருந்த அதிகாரி கோபணாரியர் 1371இல் உற்சவரைத் திருவரங்கத்துக்குக் கொண்டுவந்தார். இச்செய்தியைக் கோயிலில் உள்ள சக ஆண்டு 1293க்குரிய கல்வெட்டு உறுதிப்படுத்துகிறது.

48 ஆண்டுகளில் ஒரு தலைமுறையே மாறிவிட்டது. இடைக்காலத்தில் வேறொரு திருமேனியும் வழிபாட்டில் இருந்ததால், எது பழைய திருமேனி என்ற கேள்வி எழுந்தது. அதைத் தீர்த்துவைத்தவர் கோயிலின் ஆடைகளைத் துவைத்த முதிய சலவைத் தொழிலாளி என்பது மரபு. திருமஞ்சனத்தின்போது நனைந்த ஆடையிலிருந்து பிழிந்த நீரின் மணத்தைக் கொண்டு அவர் பழைய திருமேனியை அடையாளம் கண்டாராம். 'நம்பெருமாள்' என்ற பெயரே அவர் சொல்லால் நிலைத்தது என்பர்.

இந்தக் கதையை முழு வரலாறாகக் கொள்ளாவிட்டாலும், அது சொல்லும் செய்தி கவனிக்கத்தக்கது. பொறுப்பு பலரிடம் பகிரப்பட்டிருந்தால் நினைவும் பலரிடம் தங்கும். ஆசாரியர்களும் அதிகாரிகளும் அறியாத ஒன்றைத் துணி துவைப்பவர் அறிந்திருக்கலாம். அவர் சொல்லுக்குச் செவிகொடுக்கும் குழு தப்பிக்கும்.

திருச்சி வானில் இரண்டரை மணி நேரம்

2024 அக்டோபர் 11 அன்று மாலை 5.40 மணியளவில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் ஐ.எக்ஸ். 613 விமானம் சுமார் 140 பயணிகளுடன் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்டது. மேலெழும்பிய சிறிது நேரத்தில் அதன் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு தெரியவந்தது. சக்கரங்களை இறக்குதல், இறக்கைகளின் மடல்களை அசைத்தல், பிரேக் போடுதல் முதலிய பல வேலைகள் திரவ அழுத்தத்தால் இயங்கும் இந்த அமைப்பைச் சார்ந்தவை.

அவ்விமானம் போயிங் 737 வகையைச் சேர்ந்தது. இவ்வகை விமானத்தில் எரிபொருளை வானில் வெளியேற்றும் வசதி கிடையாது. முழு எரிபொருளுடன் இறங்கினால் எடை மிகுந்து ஆபத்து கூடும். எனவே எரிபொருளைச் செலவழிப்பதற்காக விமானம் திருச்சி, புதுக்கோட்டை வட்டாரங்களின் மேல் வட்டமிட்டது. தரையில் முழு அவசரநிலை அறிவிக்கப்பட்டது. தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டன. இரவு 8.15 மணியளவில் விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. யாருக்கும் காயமில்லை.

இத்தகைய வேளையில் விமானிகள் எதையும் புதிதாக யோசித்துத் தொடங்குவதில்லை. ஒருவர் விமானத்தை ஓட்ட, மற்றவர் கருவிகளைக் கவனித்துச் சரிபார்ப்புப் பட்டியலைப் படிப்பார். முதலில் விமானத்தை நிலையாக ஓட்டு, அடுத்துத் திசையைப் பார், அதன்பின் தரையுடன் பேசு என்ற முன்னுரிமை வரிசை உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. தரையிலும் இதே நிலைதான். 'முழு அவசரநிலை' என்ற ஒரு சொல் வந்தவுடன் தீயணைப்பு, மருத்துவம், காவல் ஆகிய துறைகளுக்கு யார் எங்கே நிற்க வேண்டும் என்பது தெரியும். சர்வதேச விதிகளின்படி விமான நிலையங்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஒருமுறையேனும் இதற்கான முழு அளவு ஒத்திகையை நடத்த வேண்டும்.

விமானத் துறை கற்ற பாடம்

இந்த ஒழுங்கு பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் மூடுபனிக்கிடையே இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தனர். புறப்பட்ட விமானத்தின் பொறியாளர், ஓடுபாதையில் மற்ற விமானம் இன்னும் இருக்கிறதோ என்ற ஐயத்தைக் கேள்வியாக எழுப்பினார். மூத்த தலைமை விமானி அதை ஏற்கவில்லை. பொறியாளரும் மேலும் வற்புறுத்தவில்லை.

1979இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா நடத்திய பயிலரங்கிலிருந்து 'விமானக் குழு வள மேலாண்மை' என்ற பயிற்சி உருவானது. இறுதி முடிவு தலைமை விமானியுடையது; ஆனால் ஆபத்தைக் கண்ட எவரும் தெளிவாகச் சொல்ல வேண்டும், தலைவர் அதைக் கேட்க வேண்டும் என்பது இதன் சாரம்.

1989 ஜூலை 19 அன்று யுனைடெட் நிறுவனத்தின் 232ஆம் எண் விமானம் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் இழந்தது. தலைமை விமானி ஆல் ஹேன்ஸ், பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி ஒருவரின் உதவியையும் ஏற்றுக்கொண்டார். எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சூ நகரில் விமானத்தை இறக்கினர். 296 பேரில் 184 பேர் உயிர் தப்பினர். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் இது முடிந்திருக்காது என்று ஹேன்ஸ் பின்னாளில் வலியுறுத்திவந்தார்.

அறுவை அரங்கில்

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கான 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன், தோலைக் கீறுவதற்கு முன், நோயாளியை அரங்கிலிருந்து வெளியே கொண்டுசெல்வதற்கு முன் என மூன்று இடங்களில் குழு நின்று சரிபார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்வதும் பட்டியலில் அடக்கம். ஒருமுறை வாய் திறந்து பேசிவிட்ட செவிலியர், பிறகு தவறைக் கண்டால் பேசத் தயங்குவது குறையும். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. அதன்படி, பட்டியல் வந்த பின் இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது.

நெறி பகிரப்படாதபோது

நெறி தலைவரின் மனத்தில் மட்டும் இருந்தால் பயனில்லை. 1949 ஆகஸ்டு 5 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் காட்டுத்தீ வீரர்களை நெருப்பு துரத்தியது. குழுத்தலைவர் வாக்னர் டாட்ஜ் தம் முன்னாலிருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்து, எரிந்து முடிந்த சாம்பலில் படுத்துக்கொண்டார். மற்றவர்களையும் அழைத்தார். யாரும் வரவில்லை. அவர் செய்வது அவர்களுக்குப் புரியவில்லை. நெருப்புக்கு முன் நெருப்பு வைப்பது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்கும். டாட்ஜ் பிழைத்தார், 13 பேர் இறந்தனர்.

குழுவியல் அறிஞர் கார்ல் வைக் 1993இல் இந்நிகழ்வை ஆராய்ந்தார். அந்தக் குழுவினர் ஒருவரையொருவர் அதிகம் அறியாதவர்கள் என்பதையும், நெருக்கடியில் குழு என்ற அமைப்பே சிதைந்துபோனதையும் சுட்டிக்காட்டினார். டாட்ஜின் வழி சரியானதே. ஆனால் அதை விளக்க நேரம் இல்லை.

நல்ல குழு நெறிகளின் இயல்புகள்

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து சில பொது இயல்புகளைத் தொகுக்கலாம்.

1. எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும். பதற்றத்தில் நீண்ட விதித்தொகுப்பு நினைவுக்கு வராது.

2. செயலாக எழுதப்பட்டிருக்க வேண்டும். 'ஒற்றுமையாக இருப்போம்' என்பது வாழ்த்து. 'கேட்ட கட்டளையைத் திருப்பிச் சொல்' என்பது நெறி.

3. முன்னுரிமை வரிசை இருக்க வேண்டும். எல்லாவற்றையும் காக்க முடியாதபோது எதை விடுவது என்பதையும் அது சொல்ல வேண்டும்.

4. முடிவெடுப்பவர் யார், அவர் இல்லையென்றால் அடுத்தவர் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

5. கடைநிலையில் இருப்பவரும் 'நிறுத்துங்கள்' என்று சொல்ல வழி இருக்க வேண்டும். தவறைச் சொன்னால் தண்டனை வராது என்ற நம்பிக்கை கற்றலை வளர்க்கிறது என்பதை ஏமி எட்மண்ட்சன் 1999இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

6. ஒத்திகை வேண்டும். பழகாத நெறி நெருக்கடியில் நினைவுக்கு வந்தாலும் கைக்கு வராது.

மாணவர் குழுக்களுக்கும் இவை பொருந்தும். கல்லூரி விழா மேடையில் மின்சாரம் நின்றால் யார் மக்களிடம் பேசுவது, யார் மின்பணியாளரை அழைப்பது, யார் கதவுகளைத் திறந்துவைப்பது என்பதை முந்தைய நாளே பத்து நிமிடம் பேசிவைத்தால் போதும்.

வரம்புகள்

பொது நெறிகள் எல்லா நெருக்கடிக்கும் மருந்தாகா. எதிர்பாராத சூழலில் பழைய நெறியை விடாப்பிடியாகப் பின்பற்றுவதே ஆபத்தாகலாம். 232ஆம் எண் விமானத்தில் நேர்ந்த கோளாறுக்குச் சரிபார்ப்புப் பட்டியலே கிடையாது. அங்கே உதவியது கலந்து செயல்படும் பழக்கம்.

கோயில் பணி ஒழுங்கையும் அப்படியே முன்மாதிரியாகக் கொள்ள இயலாது. அங்கே பணிகள் பெரும்பாலும் பிறப்பு வழியாக வந்தவை. உரிமையும் முதல் மரியாதையும் பற்றிய தகராறுகள் தமிழகக் கோயில்களில் நீதிமன்றம் வரை சென்றுள்ளன. பணியை வரையறுக்கும் அதே கோடு, பிறரை வெளியே நிறுத்தும் கோடாகவும் ஆகிவிடக்கூடும்.

நெறிகள் காலந்தோறும் திருத்தப்பட வேண்டும். மான் கல்ச் விபத்து உள்ளிட்ட அனுபவங்களுக்குப் பின் அமெரிக்க வனத்துறை 1957இல் தீயணைப்போருக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தது. ஒவ்வொரு விமான விபத்து விசாரணையும் பயிற்சி முறையில் ஏதாவது ஒன்றை மாற்றுகிறது. கோயிலொழுகும் ஒரு கையால் எழுதி முடிக்கப்பட்ட நூலன்று. ஐந்து கொத்து பத்தானதையும், கோயில் அழிந்ததையும், மீண்டதையும் பின்வந்தோர் அதே ஏட்டில் சேர்த்து எழுதி வந்தனர்.